டவர் இல்லாத லயத்திலும் உதவும்: புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் இளையவர்களுக்கு ஒரு போன் வழிகாட்டி

வலி, களைப்பு, வாந்தி உணர்வு, பயம் ஆகியவற்றைத் தாங்கிக்கொள்ளும் பயிற்சிகளைப் போன் வழியாகக் கற்றுத்தரும் செயலிகள் வெளிநாடுகளில் நிறைய வந்துவிட்டன. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் இளையவர்களுக்கென்றே செய்யப்பட்டவையும் உண்டு. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் பேசுகின்றன, டேட்டாவும் விடாமல் கேட்கின்றன. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ, ஒரு காம்பராவில் ஐந்து பேர் படுக்கும் தேயிலைத் தோட்ட லயத்தில், இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) ஒரு மூலையில் மட்டும் டவர் எட்டும் வீட்டில் அவற்றால் பயனில்லை.

ஆனால் அந்தச் செயலிகளுக்குள் இருக்கும் பயிற்சிகள் பழையவை, எளியவை. தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். அலாரம், குரல் பதிவு, நோட்ஸ், வாட்ஸ்அப் இருக்கிற எந்தப் போனிலும் இவற்றை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

15 வயது முதல் 39 வரையான நோயாளிகளை ஒரு தனிப் பிரிவாகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொல்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஏ.எல். பரீட்சை, கொழும்பில் இப்போதுதான் கிடைத்த வேலை, கைக்குழந்தை, பேசி வைத்த கல்யாணம் எல்லாம் சேர்ந்து வரும் வயது இது. அறுபது வயதுக்காரருக்குச் சொல்லும் ஆறுதல் இங்கே பொருந்தாது.

இதில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான். உடம்பு லேசாக இருக்கும் நாளில் பழகியிருக்க வேண்டும். வலி பத்துக்கு எட்டு என்று ஏறிய இரவில் முதன்முறையாக ஒரு மூச்சுப் பயிற்சியைத் திறந்தால் அது வேலை செய்யாது. "இதெல்லாம் சும்மா" என்று அத்தோடு விட்டுவிடுவீர்கள். பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் காய்ச்சல்

மனதைத் தேற்றுவதற்கு முன் உயிர் காக்கும் விஷயத்தை முடித்துவிடுவோம். கீமோ (புற்றுநோய் மருந்து) ஏற்றிய பின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறையும். பெரும்பாலான மருந்துகளுக்கு 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மிகத் தாழ்ந்திருக்கும். அப்போது உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்குக் கிளம்ப வேண்டும். கொத்தமல்லித் தண்ணி குடித்துவிட்டு விடியும்வரை பார்க்கக் கூடாது.

வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி கட்டாயம் இருக்கட்டும். பெனடோல் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். போட்ட பின் அளந்தால் எண் இறங்கிக் காட்டும், தொற்று உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

போனில் இதற்கு மூன்று ஏற்பாடுகள் செய்யுங்கள். கீமோ ஏற்றிய அன்றே காலெண்டரில் 7 முதல் 14 வரையான நாட்களைக் குறித்து, காலை மாலை வெப்பம் அளக்க அலாரம் வையுங்கள். லொக் ஸ்கிரீனிலேயே தெரியும்படி உங்கள் பெயர், நோய், கிளினிக் இலக்கம், வீட்டாரின் நம்பர் ஆகியவற்றைப் போடுங்கள். இதற்கான இடம் அண்ட்ராய்ட் போன்களின் செட்டிங்கில் அவசரத் தகவல் என்ற பகுதியில் இருக்கிறது. மூன்றாவது, 1990 சுவசெரிய ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய இடக்குறிப்பை நோட்ஸில் எழுதி வையுங்கள். அழைப்பும் வண்டியும் இலவசம், ஆனால் லயம் வரை வண்டி ஏறாவிட்டால் ஆளை எங்கே கொண்டுவந்து வைத்திருப்பது என்பதுதான் இரவில் குழப்பும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்தப் பாதையால் திரும்புவது, ஃபெக்டரி அருகிலா கோயில் சந்தியிலா நிற்பீர்கள் என்று நான்கு வரி போதும். பதற்றத்தில் அதைப் பார்த்து வாசிக்க வேண்டியதுதான்.

சிங்களம் சரளமாக வராதவர்கள் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், குரலாகவும் பதிந்து வையுங்கள்: "மட்ட உண தியெனவா. மம கீமோ கன்ன லெடெக்." எனக்குக் காய்ச்சல், நான் கீமோ எடுக்கும் நோயாளி என்று பொருள். வெளிநோயாளர் வரிசையில் உட்கார வைத்துவிடாமல் உடனே உள்ளே எடுக்கச் செய்வது இரண்டாவது பாதிதான். அதை விட்டுவிடாதீர்கள்.

போனைத் தயார் செய்தல்

பழைய போன் போதும். சார்ஜ் நிற்பதுதான் பிரச்சினை. டவர் பலவீனமான இடத்தில் போன் ஓயாமல் சிக்னலைத் தேடும், அதனாலேயே பாதி பட்டரி போய்விடும். பயிற்சி கேட்கும் நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். அலாரமும் பதிவுகளும் அப்போதும் வேலை செய்யும். காற்று மழைக் காலத்தில் கரண்ட் போவது வழக்கம் என்பதால் ஒரு சின்ன பவர் பேங்க் நல்லது. அது முடியாவிட்டால் கரண்ட் இருக்கும்போதே நிரப்பி வைக்கும் பழக்கமாவது வேண்டும்.

மாத்திரை அலாரம் சில போன்களில் அடிக்காமல் போகும். பட்டரி சேமிப்பு முறை கடிகாரச் செயலியை நிறுத்திவிடுவதுதான் காரணம். செட்டிங்கில் பட்டரி பகுதிக்குப் போய், கடிகாரத்துக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். அலாரத்தின் சத்தமும் பாட்டின் சத்தமும் தனித்தனி. ஒன்றைக் கூட்டினால் மற்றது கூடாது. இரவில் வைத்த அலாரத்தைப் பகலில் ஒருமுறை அடிக்க வைத்துப் பாருங்கள்.

அலாரத்துக்குப் பெயர் போடுங்கள். "8 மணி" என்று மட்டும் இருந்தால் எதற்கு அடிக்கிறது என்று கீமோ மயக்கத்தில் தெரியாது. "வாந்தி மாத்திரை, குமட்டல் இல்லாவிட்டாலும்" என்று எழுதினால் தெரியும். அந்தக் கடைசி இரண்டு சொற்கள் முக்கியம். வாந்தி மாத்திரையை டொக்டர் சொன்ன நேரத்துக்குப் போட வேண்டும், குமட்டல் முற்றிய பிறகு போட்டால் பிடிபடாது.

டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, கடைசி இரத்தப் பரிசோதனை மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். சமூக சேவை உதவிக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போதும் இவை கைகொடுக்கும்.

வீட்டில் ஒரே போன் என்றால், உங்கள் குறிப்புகளைத் தம்பி தங்கைகள் திறக்காதபடி நோட்ஸுக்குத் தனிப் பூட்டுப் போடுங்கள். தனியாக அழுத இரவைப் பற்றி எழுதியதை அம்மா வாசித்துவிடுவார் என்ற பயம் இருந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

மூன்று எண்கள்

தினமும் காலையிலும் மாலையிலும் மூன்று எண்களைக் குறியுங்கள்: வலி, களைப்பு, மனப்பாரம். 0 என்றால் இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. அதில் "வ4 க7 ம5" என்று ஒரு வரி போட்டால் போதும், நேரத்தை அதுவே பதிந்துகொள்ளும். டவர் இல்லாவிட்டாலும் எழுதிவிடலாம், கிடைக்கும்போது போய்ச் சேரும்.

இதற்கு மேல் எழுத ஆசைப்படாதீர்கள். பக்கம் பக்கமாக நாட்குறிப்பு தொடங்கியவர்கள் இரண்டாவது சைக்கிளில் (கீமோச் சுற்றில்) நிறுத்திவிடுவார்கள்.

எண்கள் இரண்டு வேலை செய்யும். இரண்டு சைக்கிள் முடிந்ததும் உங்கள் உடம்பின் போக்கு தெரியும். எந்த நாளில் களைப்பு உச்சம், எந்த நாளில் கண் தெளிகிறது என்று பார்த்து, தெளியும் நாளைப் பயிற்சிக்கும் படிப்புக்கும் வையுங்கள். இரண்டாவது, கிளினிக்கில் டொக்டர் முன் இருக்கக் கிடைப்பது சில நிமிடம்தான். "பரவாயில்ல டொக்டர்" என்று சொல்லி எழுந்து வருவதற்குப் பதில் "பத்து நாளா இரவு வலி ஏழு" என்று சொன்னால் மருந்து மாறும். தோட்டத்துப் பிள்ளைகள் டொக்டர் முன்னால் வலியைக் குறைத்துச் சொல்லிப் பழகியவர்கள். போனைத் திறந்து எண்ணைக் காட்டுங்கள், அது குறைத்துச் சொல்லாது.

உங்கள் பயிற்சியை நீங்களே பதிவு செய்தல்

தசை தளர்த்தும் பயிற்சி வலியோடு வரும் இறுக்கத்தையும் தூக்கமின்மையையும் கீமோவுக்கு முன் வரும் பதற்றத்தையும் குறைக்க உதவும். இணையத்தில் தமிழில் தேடினால் கிடைப்பவற்றில் பாதி விளம்பரத்தோடு வரும், பேச்சும் நம் பேச்சாக இருக்காது. அக்காவோ கூட்டாளியோ, யாருடைய குரல் கேட்டால் உங்களுக்கு நெஞ்சு இளகுமோ அவரைப் பேசச் சொல்லிப் பதியுங்கள். எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சில எம்பி இடம்தான் பிடிக்கும்.

மழை பெய்யாத நேரமாகப் பாருங்கள். தகரத்தில் விழும் மழைச் சத்தம் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். காம்பராவில் துணி தொங்கும் பக்கமாக உட்கார்ந்தால் எதிரொலி குறையும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஏரோப்ளேன் மோட் போட மறக்காதீர்கள், நடுவில் அழைப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பேச வேண்டியது ஏறத்தாழ இப்படி:

"சாஞ்சு படுத்துக்கோ. கண்ண மூடிக்கோ. மூக்கால மூச்ச இழு... ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. வாயால மெதுவா விடு... ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு." இதை ஆறு தடவை.

"இப்ப ரெண்டு கையையும் பொத்திப் புடி. இறுக்கமா. அப்படியே வச்சிரு." ஐந்து விநாடி மௌனம். "விட்டுரு. கை கனமாகி கீழ இறங்குது. அத மட்டும் கவனி." இருபது விநாடி மௌனம். மறுபடி ஒரு தடவை.

அடுத்து தோளைக் காது வரை தூக்கி விடுவது. பிறகு நெற்றியையும் கண்ணையும் சுருக்கி விடுவது. பிறகு வயிறு. கடைசியில் கால்: பாதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து விடுவது. ஒவ்வொன்றும் இரண்டு தடவை.

"இப்ப உனக்குப் புடிச்ச ஒரு எடத்துக்குப் போ. அங்க என்ன தெரியுது? என்ன சத்தம் கேக்குது? காத்து எப்படி இருக்கு?" ஒரு நிமிட மௌனம். "மெதுவா கைவிரல அசை. கண்ணத் தொற."

பேசுகிறவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, மௌனத்தைச் சுருக்குவது. இருபது விநாடி சும்மா இருப்பது பேசுகிறவருக்கு யுகமாகத் தெரியும், எட்டாவது விநாடியிலேயே அடுத்ததுக்குப் போய்விடுவார். தளர்வு வருவதே அந்த மௌனத்தில்தான். பக்கத்தில் கடிகாரத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சை செய்த இடம், கீமோவுக்காகக் குழாய் வைத்த கை அல்லது நெஞ்சுப் பக்கம், எலும்பில் கட்டி உள்ள கால் ஆகியவற்றை இறுக்கக் கூடாது. அந்தப் பகுதிக்கு "தளர விடு" என்று மட்டும் சொல்லிப் பதியுங்கள். மூச்சு இழுக்கும்போது தலை சுற்றினால் எண்ணுவதை விட்டு வழக்கமான மூச்சுக்குத் திரும்புங்கள். கண்ணை மூடினால் பயம் கூடுகிறவர்கள் கண்ணைத் திறந்தபடி சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு தடவை, ஒரே நேரத்தில், உடம்பு லேசாக உள்ள பொழுதில் கேளுங்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டால் அம்மா கூப்பிடுவதும் கேட்கும். பழகிவிட்ட பிறகு பதிவு இல்லாமலே, "விட்டுரு" என்ற ஒரு சொல்லை மனதில் சொன்னதும் தோள் இறங்க ஆரம்பிக்கும். ஊசி குத்தும் அந்த ஒரு நிமிடத்துக்குப் போனைத் தேட முடியாது, அப்போது கைகொடுப்பது அந்தச் சொல்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது வலி மருந்துக்கு மாற்று இல்லை. மோர்ஃபின் எழுதித் தந்திருந்தால் சொன்ன நேரத்துக்குப் போடுங்கள். பயிற்சி அதோடு சேர்ந்து வேலை செய்வது. மோர்ஃபின் போடும் பெரும்பாலானோருக்கு மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள்.

களைப்பும் ஏற்றமும்

புற்றுநோய்க் களைப்பு, மலையில் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் களைப்புப் போல இல்லை. தூங்கி எழுந்தாலும் தீராது. இது வெளியே தெரியாது என்பதால் "இளவயசுதானே, எழும்பி நட" என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து, தெளிந்த நாளில் வீடு கூட்டி, துணி துவைத்து, தண்ணீர் தூக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் படுப்பது வழக்கமாகிவிடுகிறது. களைப்பை மோசமாக்குவது இந்த ஏற்ற இறக்கம்தான்.

இதற்கு வழி நேரத்தை வைத்து வேலை செய்வது. வேலை முடியும்வரை என்று போகக் கூடாது. மூன்று நாள், ஒரு சாதாரண வேலையைத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் களைப்பு தட்டுகிறது என்று போன் டைமரில் பாருங்கள். 15, 25, 20 என்று வந்தால் சராசரி 20. அதில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 12 நிமிடம்தான் உங்கள் அளவு. 12 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு, மறுபடி 12. டைமர் அடித்ததும் பாதித் துணி துவைக்காமல் கிடந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. நன்றாக இருக்கும்போது நிறுத்துவதற்கு யாருக்கும் மனம் வராது. ஆனால் நன்றாக இருக்கும்போதே நிறுத்தினால்தான் மாலையிலும் நன்றாக இருப்பீர்கள். எண்கள் ஒரு வாரம் நிலையாக இருந்தால் 2 நிமிடம் கூட்டுங்கள். கீமோ ஏற்றிய வாரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். அது பின்வாங்குவது ஆகாது, கணக்கிலேயே உள்ளது.

நடப்பது களைப்பைக் குறைக்கும் என்பது நன்கு ஆராயப்பட்ட விஷயம். 5 நிமிடத்தில் தொடங்குங்கள். மலைநாட்டில் மட்டப் பாதை அபூர்வம் என்பதால், போகும்போது ஏறி வரும்போது இறங்கும்படி பாதையைத் தேர்ந்தெடுங்கள். பலர் முதலில் கீழே கடைத்தெருவுக்கு இறங்கிவிடுவார்கள். இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்பி ஏறும்போது பாதியில் மூச்சு முட்டி நின்றுவிடுவார்கள். நடந்துகொண்டே ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் வேகத்தின் அளவுகோல். சோகை அதிகமென்று சொல்லியிருந்தால், எலும்பில் நோய் இருந்தால், முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும். இரத்தத்தை உறைய வைக்கும் குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்த நாட்களில் புல் பாதையைத் தவிருங்கள். அட்டைக் கடியில் இரத்தம் லேசில் நிற்காது.

வேலைக்கு மட்டும் டைமர் வைக்காதீர்கள். பிடித்த ஒன்றுக்கும் தினமும் 15 நிமிடம் காலெண்டரில் போடுங்கள். கிரிக்கெட், கொண்டை போடப் பழகும் தங்கச்சிக்குத் தலை பின்னிவிடுவது, பழைய பாட்டு, எதுவானாலும் சரி. மனம் சோர்ந்திருக்கும்போது ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று இருந்தால் ஆசை வராது, செய்யத் தொடங்கிய பிறகே வரும்.

பஸ்ஸும் வார்டும்

ஹட்டன் பக்கத்திலிருந்து மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்குக் கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல வரை இறங்கும் வளைவுகளே ஒரு தண்டனை. கண்டிக்கோ பதுளைக்கோ போகிறவர்களுக்கும் வளைவுகள் உண்டு. பஸ்ஸில் போன் திரையைப் பார்க்காதீர்கள். குனிந்து வாசிப்பது பஸ் குமட்டலைக் கூட்டும். முன்பக்கம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தபடி, போனைப் பையில் போட்டுவிட்டு, காதால் மட்டும் கேளுங்கள். பாதையில் பல இடங்களில் சிக்னல் விடும், ஆகவே கேட்க வேண்டியதை முந்தின நாளே இறக்கி வைக்க வேண்டும்.

சில சைக்கிள்களுக்குப் பிறகு மருந்து ஏறுவதற்கு முன்பே, வைத்தியசாலை கேட்டைக் கண்டதும், ஸ்பிரிட் வாசனை வந்ததும் குமட்டத் தொடங்கலாம். இது பொய்யில்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை. மூளை அந்த வாசனையையும் வாந்தியையும் முடிச்சுப் போட்டுவிட்டது. இளவயதினருக்கு இது கூடுதலாக வரும். டொக்டரிடம் சொன்னால் முந்தின இரவே போட மாத்திரை தரக்கூடும். உங்கள் பங்குக்கு, பஸ்ஸை விட்டு இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே தளர்த்தும் பதிவைத் தொடங்குங்கள். குமட்டல் வந்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும்.

இதே முடிச்சு இன்னொரு வழியிலும் விழும். கீமோ ஏறும்போது உங்களுக்கு உயிரான பாட்டைக் கேட்காதீர்கள். சில மாதம் கழித்து அந்தப் பாட்டைக் கேட்டாலே வயிற்றைப் பிரட்டும். அன்று அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுக்கும் பிடித்த சாப்பாட்டுக்கும் அப்படித்தான். வார்டுக்கென்று தனியாக, பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் பாட்டுகளோ கதைகளோ ஒரு ஃபோல்டரில் வையுங்கள். சாப்பாடும் சாதாரணமாக, வாசனை குறைவாக இருக்கட்டும்.

இரவு நினைப்புகள்

காம்பராவில் எல்லோரும் தூங்கிய பிறகு போனில் நோயின் பெயரைத் தேடுவது எல்லோரும் செய்வது. வரும் எண்கள் பெரும்பாலும் வேறு வயதினருடையவை, வேறு கட்டத்தினுடையவை, பல ஆண்டு பழையவை. தேடுவதைத் தடுக்கச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள். பகலில், இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது தேடி, கேள்வியாக நோட்ஸில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

கவலைக்கும் நேரம் ஒதுக்கலாம். மாலை 5 மணிக்கு 15 நிமிடம், அலாரத்தோடு. பகலில் கவலை வந்தால் நோட்ஸில் ஒரு சொல் எழுதிவிட்டு "அஞ்சு மணிக்கு" என்று தள்ளுங்கள். ஐந்துக்குப் பட்டியலைத் திறந்து கவலைப்படுங்கள், அழ வேண்டுமானால் அழுங்கள், டைமர் அடித்ததும் எழுந்து தேத்தண்ணி போடப் போங்கள். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் வாரத்தில் இது மிகவும் உதவும்.

விடாமல் திரும்பத் திரும்ப வரும் நினைப்புக்கு மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி நினைப்பு: "முதுகு வலிக்குது, பரவிட்டுது." இரண்டாவது வரி, அதற்கு இருக்கிற சான்று, இல்லாத சான்று: "நேற்று பஸ்ஸில் ஆறு மணி நேரம். போன தடவையும் இப்படி வலித்து இரண்டு நாளில் போனது. ஆனால் இந்த முறை இரவிலும் வலிக்கிறது." மூன்றாவது, நியாயமான வேறு வரி: "பஸ் வலியாக இருக்கலாம். மூன்று நாளில் குறையாவிட்டால் கிளினிக்குக்குப் போன் பண்ணுவேன்." மூன்றாவது வரி ஆறுதல் வரியாக இருக்கக் கூடாது. "எல்லாம் சரியாகிடும்" என்று எழுதினால் மனம் நம்பாது. என்ன செய்யப்போகிறோம் என்பதில் முடிந்தால்தான் நெஞ்சு அடங்கும். தைரியமாக இருப்பவர்கள்தான் பிழைப்பார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பயப்பட்டதால் நோய் கூடிவிட்டதோ என்று உங்களை நீங்களே குற்றம் சொல்ல வேண்டாம்.

20 நிமிடம் படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள், கொட்டாவி வந்ததும் திரும்பப் படுங்கள். பகல் தூக்கம் 30 நிமிடத்தோடு, மூன்று மணிக்கு முன்.

ஆட்களும் வாட்ஸ்அப்பும்

ஒரே பதிலை நாற்பது பேருக்குச் சொல்வது களைப்பான வேலை. வீட்டில் ஒருவரைச் செய்தி சொல்பவராக வையுங்கள். குரூப்பை விட புரோட்காஸ்ட் லிஸ்ட் நல்லது, பதில்கள் எல்லோர் கண்ணிலும் பட்டு விவாதமாகாது. உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும் என்பதைக் கவனியுங்கள். "இந்த வாரம் இரத்தம் குறைவு, ஆட்கள் வரவேண்டாம். ஞாயிறுக்குப் பிறகு சொல்கிறேன்" போன்ற இரண்டு மூன்று செய்திகளை முன்கூட்டியே எழுதி வைத்தால் சோர்ந்த நாளில் அனுப்ப மட்டும் வேண்டும். லாஸ்ட் சீனை மறைத்துவிடுங்கள், "ஒன்லைன்ல இருந்தியே, ஏன் பதில் போடல" என்ற கேள்வி நின்றுவிடும்.

மூலிகை, கசாயம், அதிசயப் பழம் என்று ஃபோர்வேர்ட் வரும். அன்பில் அனுப்புகிறார்கள், சண்டை வேண்டாம். "டொக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மாமா" என்று பதில் போட்டு, உண்மையிலேயே கேளுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் அளவை உடலில் மாற்றிவிடும், ஈரலைத் தாக்குபவையும் உண்டு.

வாயால் கேட்கக் கூச்சமான கேள்விகளுக்குப் போன் திரையே போதும். டைப் செய்து டொக்டரிடமோ நர்ஸ் மிஸ்ஸிடமோ நீட்டுங்கள். "இந்த மருந்துக்குப் பிறகு எனக்குப் பிள்ளை கிடைக்குமா? முன்பே ஏதாவது செய்யலாமா?" என்ற கேள்வி முதல் கீமோவுக்கு முன்பே கேட்கப்பட வேண்டும். விந்தைச் சேமிப்பது, கருமுட்டையைக் காப்பது போன்றவை மருந்து தொடங்கிய பிறகு கடினம். கல்யாணமாகாத பெண் பிள்ளை இதைக் கேட்கலாமா என்று வீட்டார் தயங்குவார்கள். கேட்க உரிமையுள்ளவர் அந்தப் பிள்ளைதான். சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதால் அதற்கான வழியையும் அதே திரையில் கேட்டுவிடுங்கள்.

போன் போதாதபோது

மனப்பாரம் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சைக் குழுவிடம் பேச வேண்டும் என்பது புற்றுநோய் நிலையங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு தூக்கம் போய்விட்டது, கிளினிக்குக்குப் போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், கிளினிக்கில் மனநல வைத்தியரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, கீமோவோடு சேர்த்துக் கொடுக்கக்கூடியவையும் உண்டு. உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம், இரவு பகல் இயங்குவது.

விடாத வாந்தியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் தங்காதது, மூச்சுத் திணறல், நிற்காத இரத்தக் கசிவு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரெனக் கால் உணர்விழப்பது இவற்றில் எது வந்தாலும் காய்ச்சலைப் போலவே உடனே வைத்தியசாலைக்கு.

கடைசியாக, போன் மழையில் நனையும், பஸ்ஸில் தொலையும். பதிவுகளை மெமரி கார்டில் ஒரு பிரதியும் கூட வருபவர் போனில் ஒரு பிரதியும் வையுங்கள். 1990, 1926, கிளினிக் நம்பர், வீட்டு நம்பர் நான்கையும் ஒரு அட்டையில் பேனாவால் எழுதி, கிளினிக் கொப்பியின் உள் அட்டையில் ஒட்டிவிடுங்கள்.